பங்கு வாங்குமுன் வீட்டில் பேச வேண்டியவை



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் குடும்பங்கள் பணம் சேர்க்கும் வழிகள் நாம் எல்லோரும் அறிந்தவையே. மாதச் சீட்டு ஒன்று, செட்டியார் தெருவில் வாங்கிய நகை சில, வங்கியில் ஒரு நிலையான வைப்பு, வசதியுள்ளோருக்கு ஒரு காணித் துண்டு. பங்குச் சந்தை என்றதும் நம்மிற் பலர் இரண்டில் ஒன்றைச் சொல்வர். “அது சூதாட்டம், நமக்கு வேண்டாம்” என்பது ஒன்று. “தெரிந்த ஒருவர் ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கினாராம், நாமும் போட்டுப் பார்ப்போம்” என்பது மற்றது. இரண்டும் விடயம் அறியாமற் பேசும் பேச்சே. முதலாவது பேச்சு நம்மை வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டாவது பேச்சு மகளின் கலியாணத்துக்கு வைத்த காசைக் கரைத்துவிடும்.

எந்தக் கம்பனியின் பங்கை வாங்கலாம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. வாங்குவதற்கு முன் குடும்பமாக இருந்து எதையெல்லாம் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய பாடம்.

பங்கு என்பது யாது?

காலி வீதியில் நான்கு சகோதரர் ஆளுக்கு ஐந்து இலட்சம் போட்டு ஒரு புடைவைக் கடை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஒவ்வொருவருக்கும் காற்பங்கு உண்டு. இலாபம் வந்தால் நான்காகப் பிரியும். நட்டம் வந்தால் அதுவும் நான்காகப் பிரியும். ஒருவர் விலக விரும்பினால் தம் காற்பங்கை வேறொருவருக்கு விற்கலாம். கடை நன்றாக ஓடினால் அதிக விலைக்குப் போகும், ஓடாவிட்டால் போட்டதும் திரும்பாது. பெரிய கம்பனியும் இப்படித்தான். அங்கே பங்குகள் நான்கு அல்ல, கோடிக்கணக்கில் இருக்கும், அவ்வளவே வேறுபாடு.

வங்கியில் வைப்புச் செய்யும்போது நீங்கள் கடன் கொடுத்தவர். முதலையும் வட்டியையும் திருப்பித் தரும் கடமை வங்கிக்கு உண்டு. பங்கு வாங்கும்போது நீங்கள் உரிமையாளர். உங்களுக்குக் குறித்த தொகையைத் தர வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. கம்பனி மூடப்பட்டால் கடன்காரர் எல்லோரும் வாங்கியபின் மிஞ்சுவதே பங்குதாரருக்கு. எனினும் கம்பனியின் கடனுக்காக உங்கள் வீட்டுக் கதவை எவரும் தட்ட முடியாது. போட்ட பணத்தோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடும்.

இந்தச் சந்தை எப்படி வந்தது?

கொழும்பில் பங்கு வாங்கி விற்பது நேற்றைய வழக்கமன்று. கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்தபின் மலைநாட்டிலே தேயிலை பரவிற்று. காடு வெட்டித் தோட்டம் போடப் பெருந்தொகை வேண்டியிருந்தது. அதற்காகக் கம்பனிகள் அமைந்தன. அவற்றின் பங்குகளைக் கைமாற்ற 1896ஆம் ஆண்டில் கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் ஒன்று தோன்றிற்று. அந்தத் தோட்டங்களைத் தங்கள் உழைப்பால் உருவாக்கியவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர். பங்குப் பத்திரங்களோ வேறு கைகளில் இருந்தன. இதை நாம் மறக்கலாகாது.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. சந்தையும் சுருங்கிற்று. 1984இல் பொதுமக்கள் பங்குகொள்ளும் சந்தைத் தளம் திறக்கப்பட்டது. கொழும்பு பங்குச் சந்தை என்ற இன்றைய பெயர் 1990இல் வந்தது. அதன் அலுவலகம் கோட்டையில், உலக வர்த்தக மையக் கட்டடத்தில் உள்ளது. முந்நூறுக்குச் சற்றுக் குறைவான கம்பனிகள் அங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. நாம் சாமான் வாங்கும் காகில்ஸ், கீல்ஸ் கடைகளை நடத்தும் குழுமங்களும், கணக்கு வைத்திருக்கும் தனியார் வங்கிகள் பலவும், தேயிலைத் தோட்டக் கம்பனிகளும் அவற்றுள் அடங்கும். அன்று தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் பேரப்பிள்ளை இன்று விரும்பினால் ஒரு தோட்டக் கம்பனியில் நூறு பங்கு வாங்கலாம்.

வருமானம் இரு வழியில்

ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு கோடி பங்குகள். கடந்த ஆண்டு அதன் நிகர இலாபம் ஐந்து கோடி ரூபா. அப்படியானால் ஒரு பங்கு உழைத்தது 5 ரூபா. சந்தையில் ஒரு பங்கின் விலை 50 ரூபா. ஆண்டுக்கு 5 ரூபா உழைக்கும் ஒன்றுக்கு நீங்கள் பத்து மடங்கு கொடுக்கிறீர்கள். இந்தப் ‘பத்து மடங்கு’ என்ற எண்ணை எப்போதும் கணக்கிட்டுப் பாருங்கள். அதே தொழிலைச் செய்யும் வேறு கம்பனி ஆறு மடங்குக்குக் கிடைத்தால் ஏன் என்று கேளுங்கள். ஐம்பது மடங்குக்கு விற்றால் இன்னும் அதிகமாகக் கேளுங்கள்.

பணிப்பாளர் சபை அந்த 5 ரூபாவில் 2 ரூபாவைப் பங்கிலாபமாகத் தருகிறது என்போம். அது முதலாவது வருமானம். 2023 ஜனவரி தொடக்கம் பங்கிலாபத்தில் 15 வீதம் வரியாகக் கழிக்கப்படுவதால் கைக்கு வருவது 1 ரூபா 70 சதம். மிகுதி 3 ரூபா தொழிலை வளர்க்கக் கம்பனியிலேயே நிற்கும். தொழில் வளர்ந்தால் பங்கின் விலையும் உயரலாம். விற்கும்போது கிடைக்கும் அந்த ஏற்றம் இரண்டாவது வருமானம். ‘உயரலாம்’ என்றுதான் சொன்னேன், ‘உயரும்’ என்று சொல்லவில்லை.

செலவும் உண்டு. தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், அரசாங்கத் தீர்வை எல்லாம் சேர்ந்து நூறு ரூபாவுக்கு ஒரு ரூபாவுக்குச் சற்று மேலாகும். வாங்கும்போதும் கொடுக்க வேண்டும், விற்கும்போதும் கொடுக்க வேண்டும். ஆகவே விலை இரண்டு வீதத்துக்கு மேல் ஏறினால்தான் நட்டமில்லாமல் வெளியேறலாம். காலையில் வாங்கி மாலையில் விற்பவருக்குத் தரகர் வணக்கம் சொல்வதில் வியப்பில்லை.

எந்தப் பணத்தைப் போடலாம்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுவே. சந்தையின் சொந்த வரலாறே இதற்கு விடை சொல்லும்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் சந்தை துள்ளி எழுந்தது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2008 முடிவில் ஏறத்தாழ 1,500 ஆக இருந்தது. 2011 பெப்ரவரியில் அது 7,800 அளவைத் தொட்டது. அலுவலகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பங்குப் பேச்சே பேச்சு. கடன் பட்டு வாங்கியோரும் பலர். பிறகு இறக்கம் தொடங்கிற்று. 2012 முடிவில் சுட்டெண் 5,600 அளவில் நின்றது. அந்தப் பழைய உச்சத்தை அது மீண்டும் கடந்தது 2021 ஜனவரியில். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்!

ஓய்வு பெற்ற ஒருவர் அந்த உச்சத்திலே தம் சேமலாப நிதிப் பணம் 20 இலட்சத்தைப் போட்டார் என்று எண்ணுங்கள். அவருடைய பங்குகளும் சுட்டெண்ணைப் போலவே இறங்கியிருந்தால் 2012 முடிவில் அவரிடம் இருப்பது ஏறத்தாழ பதினாலரை இலட்சம். வலிதான், ஆனாலும் சோற்றுக்கு வேறு வழி இருந்தால் அவர் காத்திருக்கலாம். இனி, அவர் இன்னுமொரு 20 இலட்சம் கடன் வாங்கி 40 இலட்சத்துக்கு வாங்கியிருந்தால்? பங்குகளின் பெறுமதி 29 இலட்சத்துக்கும் கீழே. கடன் 20 இலட்சத்தைக் கழித்தால் 9 இலட்சங்கூட மிஞ்சாது. அதிலும் வட்டி கழிய வேண்டும். உண்மையில் அவருக்குக் காத்திருக்கவும் விடமாட்டார்கள். ஈட்டின் பெறுமதி குறைந்ததும் கடன் கொடுத்தவர் பங்குகளை விற்றுத் தம் பணத்தை எடுத்துக்கொள்வார். கடனில்லாதவரைக் காப்பாற்றும் பொறுமை கடன்பட்டவருக்குக் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் மார்ச்சில் மூடிய சந்தை மே 11ஆம் திகதியே திறந்தது. 2022இல் நாடு வெளிக்கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தபோது ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம் சந்தை மூடப்பட்டது. அந்த வாரத்தில் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டவர் என்ன செய்வார்?

அப்படியானால் எல்லாம் வைப்பிலேயே கிடக்கட்டும் என்பீர்களோ? அதற்கும் 2022 ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கிற்று. முந்திய ஆண்டில் ஒரு இலட்சத்துக்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்து எழுபதினாயிரம் வேண்டியிருந்தது. குறைந்த வட்டியில் வைப்பிட்டிருந்தவரின் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் சந்தைப் பையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காணாமற் போயிற்று. பங்குகளும் அந்த ஆண்டு விழுந்தன. சுட்டெண் ஜனவரியில் 13,000ஐத் தாண்டியிருந்தது; ஆண்டு முடிவில் 8,500 அளவில் இருந்தது. ஆனால் 2024 முடிவில் அது 15,000ஐயும் கடந்திருந்தது. தொழில்கள் தம் பொருள்களின் விலையைக் கூட்டிக்கொள்ள முடியும், வங்கிப் புத்தகத்தால் அது முடியாது.

ஆகவே பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு, மருந்துச் செலவு ஆகியவற்றுக்கான பணம் சேமிப்புக் கணக்கிலே இருக்கட்டும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் வரப்போகும் கலியாணம், பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு, வீட்டு முற்பணம் ஆகியவை நம்பிக்கையான வங்கி வைப்பிலே இருக்கட்டும். இவற்றுக்குப் பின் மிஞ்சுவதில், ஐந்தாறு ஆண்டுகள் தொடாமல் விடக்கூடியதை மட்டும் பங்குக்கு எண்ணுங்கள். மிஞ்சவில்லை என்றால் வெட்கமில்லை. இப்போதைக்குப் படித்து வையுங்கள். கடன் பட்டோ நகையை அடகு வைத்தோ பங்கு வாங்கவே வேண்டாம்.

எதை வாங்குவது?

அந்தக் கம்பனி எதை விற்று உழைக்கிறது என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வசனத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். பட்டியலிட்ட ஒவ்வொரு கம்பனியும் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் அதை இலவசமாகப் படிக்கலாம். நான்கு இடங்களைப் பாருங்கள்: ஐந்து ஆண்டு இலாபம் எப்படி ஏறி இறங்கியது, கடன் எவ்வளவு, பங்கிலாபம் ஒழுங்காகக் கொடுத்தார்களா, கணக்காய்வாளர் ஏதும் குறை எழுதியிருக்கிறாரா. அந்தப் பங்கு நாள்தோறும் கைமாறுகிறதா என்பதையும் பாருங்கள். சில பங்குகளை வாங்குவது எளிது, விற்க ஆள் கிடைப்பது அரிது.

எல்லாப் பணத்தையும் ஒரே கம்பனியிற் போடாமல் வெவ்வேறு தொழில்களிற் பிரித்துப் போடுங்கள். இவ்வளவு பார்க்க நேரமில்லை என்போருக்கு யூனிட் டிரஸ்ட் என்ற வழி 1991 முதல் நம் நாட்டில் உண்டு. பலருடைய சிறு தொகைகளைச் சேர்த்து, முகாமையாளர் பல பங்குகளில் இடுவார். அதற்குக் கட்டணம் உண்டு, ஏற்ற இறக்கமும் உண்டு.

தொடங்குவது எப்படி?

பங்கு வாங்க முதலில் மத்திய வைப்பு முறைமையில் உங்கள் பெயரிலே ஒரு கணக்கு வேண்டும். முன்னைய நாட்களில் பங்குப் பத்திரங்களைப் பெட்டியிலே பூட்டி வைத்தார்கள். 1991 முதல் பங்குகள் இந்தக் கணக்கிலே பதிவாகின்றன. தேசிய அடையாள அட்டையோடும் வங்கிக் கணக்கு விபரத்தோடும் அனுமதி பெற்ற தரகர் ஒருவர் மூலம் அதைத் திறக்கலாம். 2020 முதல் பங்குச் சந்தையின் கைத்தொலைபேசிச் செயலி வழியாகவும் திறக்கலாம். எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலைக்கு மேற்படாமல் என்பதை நீங்களே தீர்மானித்துக் கட்டளை கொடுங்கள். “நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்திடுங்கள்” என்று எவர் சொன்னாலும் இடாதீர்கள். முறைமையிலிருந்து வரும் கணக்குக் கூற்றை ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. மாதம் இத்தனை வீதம் நிச்சயம் என்று சொல்பவர் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசவில்லை. ஆளைச் சேர்த்தால் பணம் என்னும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டப்படி குற்றமாகும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் உறவினர் வாயாலும் ஊரவர் வாயாலுமே வீட்டுக்குள் வருகின்றன. மறுக்க முகத்தாட்சணியம் பார்க்க வேண்டாம். தரகர் அனுமதி பெற்றவரா என்பதைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் பார்க்கலாம். தனியாள் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இறுதியாகக் கணவன்மாருக்கு ஒரு சொல். மனைவிக்குத் தெரியாமற் பங்கு வாங்காதீர்கள். உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் எந்தத் தரகர், எந்தக் கணக்கு எண் என்று தேடி அலையப்போவது அவரே. அவற்றை ஒரு கொப்பியில் எழுதி நகைப் பெட்டியோடு வையுங்கள். மனைவிமாருக்கும் இதுவே.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் ஒரு சதமும் போட வேண்டாம். உங்கள் வீட்டில் வழக்கமாகப் பொருள் வாங்கும் கம்பனிகளில் பட்டியலிட்ட மூன்றைத் தெரிந்தெடுங்கள். பெரிய பிள்ளைகளையும் அருகில் இருத்தி ஒவ்வொன்றின் ஆண்டறிக்கையையும் பாருங்கள். பங்கொன்று உழைத்தது எவ்வளவு, விலை எவ்வளவு, எத்தனை மடங்கு என்று கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதம் வாரந்தோறும் விலையைக் குறித்து வாருங்கள். விலை விழும் வாரத்தில் உங்கள் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். காகிதத்தில் எழுதிய பங்கு விழும்போதே நித்திரை வராதவர், உண்மைப் பணத்தைப் போடுமுன் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பதே நல்லது.