துல்லியப் பண்ணையம் சொல்லப் போகிறவர்களுக்கு

வேளாண் விரிவாக்கப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 எக்டேர் இலக்கோடு துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. தண்ணீருக்குத் தவிக்கும் அந்த மண்ணில் காய்கறி விவசாயிகள் அதை ஏற்றதற்குக் காரணம், எல்லாமே அவர்கள் கண்முன் அவர்கள் வயலிலேயே நடந்ததுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

1. முதல் நாள் விவசாயியிடம் கேட்க மட்டும் போங்கள். கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கும், கரண்ட் எப்போது வரும், எந்த மூலையில் பயிர் முதலில் வாடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ட்ரோனும் சென்சாரும் பிறகு வரட்டும்.

2. மண் மாதிரியை அவர் கையாலேயே எடுக்க வையுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். பத்துப் பதினைந்து இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கி, ‘வி’ வடிவில் அரை அடிக் குழி வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். தானே எடுத்த மண்ணின் முடிவை அவர் நம்புவார்.

3. அடிமண் இறுகியிருந்தால் உளிக்கலப்பை ஓட்டச் சொல்லுங்கள். வேர் இறங்காத நிலத்தில் எந்தத் தொழில்நுட்பமும் எடுபடாது.

4. நாற்றைக் குழித்தட்டில், தென்னைநார்க் கழிவில், நிழல்வலைக்குள் வளர்க்கப் பழக்குங்கள். நாற்று ஒன்றுபோல் இருந்தால்தான் நீரையும் உரத்தையும் ஒரே அளவில் கொடுக்க முடியும்.

5. சொட்டுநீர் போட்டதோடு வேலை முடியாது. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானின் கீழ் பாத்திரம் வைத்தால் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் சேர வேண்டும். முதல் சொட்டுவானிலும் கடைசிச் சொட்டுவானிலும் அளந்து காட்டுங்கள். கடைசியில் குறைந்தால் ஃபில்டரைக் கழுவி, குழாயின் கடைமூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஆனாலும் பராமரிப்பு தெரியாதவர் தோட்டத்தில் அந்தக் குழாய் சுருட்டித்தான் கிடக்கும்.

6. உரத்தைப் பயிரின் வயதுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் நீர், அடுத்து உரநீர், கடைசியில் மறுபடி வெறும் நீர். கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. வெள்ளையாகப் படிந்து சொட்டுவானை அடைத்துவிடும்.

7. வரவு செலவு நோட்டுப் போட வையுங்கள். மோட்டார் ஓடிய நேரம், உரம், கூலி, விற்ற விலை எல்லாம் அதில் ஏறட்டும். அடுத்த பட்டத்தில் எதைக் குறைக்கலாம் என்று அந்த நோட்டே சொல்லும்.

8. விவசாயியைத் தனியாளாய் விடாதீர்கள். தருமபுரி விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். இடுபொருள் வாங்கவும் விலை பேசவும் கூட்டம் வேண்டும்.

விளைச்சல் பெருகி விலை சரிந்த வருடத்திலும் அந்த வயலுக்குப் போங்கள். அன்று உடன் நிற்கிறவர் சொல்வதைத்தான் விவசாயி மறுபட்டத்திலும் கேட்பார்.