ஒரு பெட்டி, இரண்டு திரை: ஸ்ப்ளிட்டர் உண்மையில் யாருக்குத் தேவை?

ஹாலில் ஒரு பெரிய டிவி, அதற்கு மேலேயே பொத்தானைத் தட்டினால் இறங்கிவரும் புரொஜெக்டர் திரை. ஹோம் தியேட்டர் அமைக்கிறவர்களில் பலர் ஆசைப்படுவது இந்த ஏற்பாட்டுக்குத்தான். பகலில் செய்தியும் சீரியலும் டிவியில் ஓடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் பெரிய திரையில் பார்க்கலாம். பெட்டி ஒன்று, திரை இரண்டு என்று சொன்னதும் கடையில் எடுத்துக் கொடுப்பது எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரைத்தான். சில நூறு ரூபாயில் முடிகிறதே என்று வாங்கி மாட்டிவிடுகிறோம். அதன் பிறகுதான் டிவியில் 4கே வரவில்லை, ரிசீவரில் அட்மாஸ் விளக்கு எரியவில்லை, நடுவில் திரை கறுத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். இவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது, எந்தத் திரையில் பார்ப்பது என்று மாற்றிக்கொள்ளும் வசதி மட்டுமே. சிக்னலைப் பிரிக்கும் தேவை அவர்களுக்கு இல்லை. இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் ஒரே படம் ஓடியாக வேண்டும் என்கிற வீட்டுக்கும், பழைய ரிசீவரைக் கைவிட மனமில்லாத வீட்டுக்கும்தான் ஸ்ப்ளிட்டர் உரியது.

ஸ்ப்ளிட்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கேபிள் டிவி காலத்துத் தகர டப்பி. ஒரு பக்கம் கோஆக்ஸியல் வயர் நுழையும், மறுபக்கம் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து போகும். அதற்குக் கரண்ட் வேண்டாம், செட்டிங் வேண்டாம். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபல் குறையும், அவ்வளவுதான். அந்த வயரில் சிக்னல் ஒரே திசையில் போனது. மறுமுனையில் எத்தனை டிவி இருக்கிறது என்பது அனுப்புகிறவருக்குத் தெரியத் தேவையில்லை. டிடிஎச் வந்தபோதே இந்த எளிமை கொஞ்சம் போய்விட்டது. டிஷ்ஷில் இருக்கும் எல்என்பிக்கு செட்டாப் பாக்ஸ்தான் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி எந்த அலைவரிசைத் தொகுதி வேண்டும் என்று கேட்கிறது. இரண்டு பெட்டிகளை ஒரே வயரில் கோத்தால் ஒன்று கேட்பது இன்னொன்றுக்குத் தடையாகிவிடும். 2002 டிசம்பரில் முதல் வரையறை வெளியான எச்டிஎம்ஐயில் இந்த இருவழிப் பேச்சு இன்னும் அதிகம். அதன் 19 ஊசிகளில் சில படத்தை எடுத்துச் செல்கின்றன; சில, டிவியும் பெட்டியும் பேசிக்கொள்வதற்கென்றே இருக்கின்றன.

அந்தப் பேச்சு நடக்கும் விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். கேபிளைச் சொருகியதும் பெட்டி 18ஆம் ஊசி வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. டிவி 19ஆம் ஊசியில் ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் கொடுக்கிறது. உடனே பெட்டி, டிவிக்குள் இருக்கும் ஈடிஐடி என்ற சிறு விவரப் பட்டியலை வாசிக்கிறது. 128 பைட் கொண்ட பகுதிகளாக எழுதப்பட்ட பட்டியல் அது. எத்தனை பிக்சல் காட்ட முடியும், நொடிக்கு எத்தனை பிரேம், எச்டிஆர் உண்டா, டால்பி விஷன் உண்டா, எத்தனை சேனல் ஒலி ஏற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்த பிறகுதான் என்ன அனுப்புவது என்று பெட்டி முடிவு செய்கிறது. நடுவில் ஸ்ப்ளிட்டர் வந்தால் அதன் கையில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். பெட்டிக்கோ ஒன்றுதான் காட்ட முடியும். வீட்டில் ஒருவருக்குக் காரம் ஆகாது என்றால் எல்லோருக்குமே காரம் குறைத்துச் சமைப்பதுபோல, பல ஸ்ப்ளிட்டர்கள் இரண்டு திரைக்கும் பொதுவானதை மட்டும் கேட்கின்றன. புரொஜெக்டர் 1080பி என்றால் 4கே டிவியும் 1080பிக்கு இறங்கிவிடும். வேறு சில ஸ்ப்ளிட்டர்கள் முதல் அவுட்டில் இருக்கும் டிவியின் பட்டியலை அப்படியே காட்டிவிடும். அப்போது எச்டிஆர் புரியாத புரொஜெக்டருக்கும் எச்டிஆர் சிக்னல் போய், படம் வெளிறிப்போகும், அல்லது வரவே வராது. எந்த வழியில் போனாலும் இரண்டில் ஒரு திரைக்கு இழப்புதான்.

இதன் மேல் எச்டிசிபி என்ற காப்புப் பூட்டும் இருக்கிறது. 4கே படங்களைத் தரும் ஓடிடி பெட்டிகளும் அல்ட்ரா எச்டி ப்ளூரே பிளேயர்களும் மறுமுனையில் எச்டிசிபி 2.2 அல்லது அதற்கு மேற்பட்டது இருந்தால்தான் முழுத் தரத்தை விடும். ஸ்ப்ளிட்டர், டிவி, புரொஜெக்டர் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி பழைய 1.4 ஆக இருந்தாலும் பெட்டி 1080பிக்கு இறங்கிவிடலாம், அல்லது திரையில் பிழைச் செய்தி காட்டலாம். இந்தப் பூட்டையே கழற்றிவிடும் ஸ்ப்ளிட்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். அவற்றை நம்பி ஏற்பாடு செய்யச் சொல்ல முடியாது. இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட காப்பை உடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது.

‘எங்கள் வீட்டில் பல காலமாக மலிவான ஸ்ப்ளிட்டர்தான் ஓடுகிறது, ஒரு தொல்லையும் இல்லையே’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். இரண்டு திரையும் 1080பி, வருவது கேபிள் செட்டாப் பாக்ஸ் சிக்னல், ஒலி டிவி ஸ்பீக்கரில் என்றால் இரண்டு ஈடிஐடிகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். சண்டைக்கே இடமில்லை. ஹாலில் ஓடும் சேனலே படுக்கையறை டிவியிலும் வந்தால் போதும் என்கிற வீட்டுக்கு அந்த ஸ்ப்ளிட்டரே போதுமானது. ஹோம் தியேட்டர் அப்படிப்பட்டதல்ல. அங்கே 4கே டிவியும் 1080பி புரொஜெக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, 5.1 சேனலோ அட்மாஸோ வாசிக்கும் ரிசீவர் நடுவில் நிற்கிறது. வேறுபாடு கூடக் கூட ஸ்ப்ளிட்டருக்கு வேலை கடினமாகிறது. ‘4கே சப்போர்ட்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் மலிவு புரொஜெக்டர்களில் பெரும்பாலானவற்றின் உண்மைப் பிக்சல் 1920க்கு 1080, சிலவற்றில் அதற்கும் கீழே. 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அந்த வாசகத்தின் பொருள். 4கேயைத் திரையில் காட்டும் என்பது அல்ல.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ரிசீவரின் பின்பக்கம். நடுத்தர விலைக்கு மேல் உள்ள ரிசீவர்கள் பலவற்றில் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் உண்டு. டெனான் எக்ஸ்2700எச் மாடலில் இரண்டு இருக்கின்றன. அதற்குக் கீழ்ப்படியில் உள்ள எக்ஸ்1700எச் மாடலில் ஒன்றுதான். இரண்டு உள்ளதில் மானிட்டர் 1, மானிட்டர் 2 என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. டிவியைத் தேர்ந்தால் பெட்டிக்குத் தெரிவது டிவியின் பட்டியல் மட்டும், புரொஜெக்டரைத் தேர்ந்தால் அதன் பட்டியல் மட்டும். சமரசமே தேவைப்படாது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் இங்கேயும் ஸ்ப்ளிட்டரின் பழைய கதைதான், ஆனால் அந்தத் தேவை எப்போதாவதுதான் வரும். புதிதாக ரிசீவர் வாங்கப் போகிறவர் புரொஜெக்டர் ஆசை இருந்தால் இரட்டை அவுட் உள்ளதையே வாங்கிவிடுவது நல்லது. பின்னால் ஸ்ப்ளிட்டர், ஒலி பிரிப்பான், கூடுதல் கேபிள் என்று சேர்ந்துபோகும் செலவையும் அலைச்சலையும் அது மிச்சப்படுத்தும்.

‘என் ரிசீவரில் ஒரு அவுட்தான், அதற்காக முழு ரிசீவரை மாற்றச் சொல்கிறீர்களா’ என்ற கேள்வி நியாயமானது. மாற்ற வேண்டாம். ஒரு உள், இரண்டு வெளி என்று இருபுறமும் பயன்படும் எச்டிஎம்ஐ ஸ்விட்ச்கள் கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தினால் இந்தத் திரை, மறுபடி அழுத்தினால் அந்தத் திரை. பார்வைக்கு ஸ்ப்ளிட்டர் போலவே இருப்பதால் கடையில் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கிவந்துவிடுவது எளிதாக நடக்கும். இரண்டு அவுட்டிலும் ஒரே சமயம் படம் வருமா என்று கேளுங்கள். வராது என்றால்தான் அது நமக்கு வேண்டிய ஸ்விட்ச். ஒரு நேரத்தில் ஒரே திரைதான் இணைப்பில் இருப்பதால் ஈடிஐடி குழப்பம் எழாது. இதிலும் ஒரு குறை உண்டு. இவற்றில் பெரும்பாலானவை கரண்ட் இல்லாத வெறும் இணைப்புப் பெட்டிகள். சிக்னலுக்கு வலு சேர்க்காது. புரொஜெக்டருக்கு மேற்கூரை வழியாக நீண்ட கேபிள் போகிற வீட்டில் இது தடுமாறலாம். அங்கே ஆக்டிவ் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் போட வேண்டிவரும். அந்தக் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனை பெட்டிக்கு, மறு முனை திரைக்கு. சீலிங்குக்குள் தலைகீழாக இழுத்துவிட்டால் மொத்தத்தையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். பார்ப்பது ஓடிடி மட்டும் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. புரொஜெக்டருக்கென்றே தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிவிடலாம். நல்ல ஸ்ப்ளிட்டரின் விலையை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படிச் செய்தால், புரொஜெக்டர் வேறு அறையில் இருக்கும் வீட்டில், ஹாலில் ஒருவர் கிரிக்கெட் பார்க்கும்போது இன்னொருவர் அங்கே படமும் பார்க்கலாம்.

ஸ்ப்ளிட்டரை மனதார ஆதரிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. எச்டிஎம்ஐ 2.0 வந்த 2013க்கு முன் வாங்கிய ரிசீவர்கள் பல வீடுகளில் இன்னும் அருமையாக ஒலிக்கின்றன. டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ எல்லாம் வாசிக்கும்; 4கே எச்டிஆர் படத்தை மட்டும் கடத்தாது. இதற்காக நல்ல ரிசீவரைத் தூக்கிப்போடுவது வீண். பெட்டிக்குப் பிறகு ஸ்ப்ளிட்டரை வைத்து ஒரு கிளையை டிவிக்கு 4கே படத்துக்காகவும், இன்னொரு கிளையை ரிசீவருக்கு ஒலிக்காகவும் அனுப்பினால், மேலே சொன்ன எச்டிசிபி பூட்டு குறுக்கே வராத வரை இரண்டும் பிழைக்கும். இந்தத் தேவை உண்மையானது என்பதற்கு உற்பத்தியாளர்களே சாட்சி. பானசோனிக் யுபி820, சோனி எக்ஸ்800 போன்ற அல்ட்ரா எச்டி ப்ளூரே பிளேயர்களில் இரண்டாவது எச்டிஎம்ஐ அவுட்டை ஒலிக்கென்றே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பிளேயர் இருந்தால் அதற்கு ஸ்ப்ளிட்டரே வேண்டாம். ஆப்டிகல் ஒலிக் கேபிள் போதாதா என்று கேட்டால், அதில் இரண்டு சேனல் பிசிஎம் அல்லது சுருக்கப்பட்ட 5.1 டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மட்டுமே போகும், ட்ரூஎச்டி போகாது. டிவியிலும் ரிசீவரிலும் இஏஆர்சி இருந்தால் எல்லாப் பெட்டிகளையும் டிவியில் சொருகி, ஒலியை ஒரே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பிவிடலாம். அது 2017இல் எச்டிஎம்ஐ 2.1உடன் வந்த வசதி. பழைய ரிசீவரில் இருக்காது என்பதால்தான் இங்கே ஸ்ப்ளிட்டருக்கு இடம் கிடைக்கிறது.

ஸ்ப்ளிட்டரை ரிசீவருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதும் முக்கியம். இரண்டு திரைக்காக வாங்குகிறவர் பின்னால் வைக்க வேண்டும். அப்போது ஒலி ரிசீவரிலேயே பிரிந்துவிடுகிறது. தன்னால் எத்தனை சேனல் வாசிக்க முடியும் என்பதை ரிசீவரே பெட்டிக்குச் சொல்லிவிடும். பின்னால் நடக்கும் சண்டை படத்தோடு நிற்கும். பழைய ரிசீவருக்காக வாங்குகிறவர் முன்னால்தான் வைத்தாக வேண்டும். அங்கேதான் ஒலி சிக்கிக்கொள்கிறது. டிவியின் ஈடிஐடி ‘எனக்கு இரண்டு சேனல் போதும்’ என்று சொன்னால், அதை மட்டும் காட்டும் ஸ்ப்ளிட்டர் ரிசீவருக்கும் இரண்டு சேனலையே அனுப்பும். பின்னால் வைப்பதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. டிவியின் சொந்த ஆப்களின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பும் ஏஆர்சி, பெரும்பாலான ஸ்ப்ளிட்டர்களைத் தாண்டி வராது. டிவியிலிருந்து ரிசீவருக்குத் தனியாக ஓர் ஆப்டிகல் கேபிள் இழுத்து 5.1 வரை மீட்டுக்கொள்ளலாம்.

வாங்குவது என்று தீர்மானித்துவிட்டால் பெட்டியில் ‘4கே’ என்று இருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 4கே 60 பிரேம் படத்துக்கு 594 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், மூன்று தடங்கள், ஒவ்வொன்றிலும் 10 பிட்; பெருக்கினால் நொடிக்கு 17.82 கிகாபிட். இதனால்தான் எச்டிஎம்ஐ 2.0இன் எல்லை 18 கிகாபிட். 10.2 கிகாபிட்டோடு நிற்கும் பழைய 1.4 சிப்பை வைத்து 30 பிரேம் மட்டும் கடத்தும் ஸ்ப்ளிட்டரும் ‘4கே’ என்றே விற்கப்படுகிறது. சினிமா 24 பிரேம்தானே என்று வாதிடலாம். ஆனால் ஓடிடி பெட்டிகள் பல, மெனுவையும் படத்தையும் 60 பிரேமிலேயே அனுப்புகின்றன, விளையாட்டு ஒளிபரப்புக்கும் 50 பிரேம் வேண்டும். எனவே ‘18 கிகாபிட், எச்டிசிபி 2.2, எச்டிஆர்’ மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு அவுட்டில் 4கேயை அப்படியே விட்டு, மற்றதில் 1080பியாக இறக்கித் தரும் டவுன்ஸ்கேலிங் இருந்தால் மேலே சொன்ன படச் சமரசத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே அம்சம் இதுதான் என்பேன். எச்டிஆரையும் அந்த அவுட்டில் சாதாரணப் படமாக மாற்றித் தருமா என்று தனியாகக் கேளுங்கள். எந்த ஈடிஐடியைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் குட்டி ஸ்விட்ச்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். தனி அடாப்டர் உள்ளதையே எடுங்கள். கரண்ட் இல்லாமல் ஒய் வடிவத்தில் வரும் இரட்டைக் கேபிளைத் தொடவே வேண்டாம். 4கே 120 பிரேமில் கேம் ஆடுகிறவர் கன்சோலை ஸ்ப்ளிட்டர் வழியாக விடாமல் நேராக டிவியில் சொருகட்டும்; 18 கிகாபிட்டில் அது அடங்காது.

வாங்கிய அன்றே மூன்றைச் சோதித்துவிடுங்கள். எச்டிஆர் படம் ஒன்றை ஓடவிட்டு டிவியின் தகவல் பட்டையில் 2160பியும் எச்டிஆரும் வருகின்றனவா என்று பாருங்கள். ரிசீவரின் முகப்பில் ஸ்டீரியோ என்று வருகிறதா, அட்மாஸ் அல்லது 5.1 என்று வருகிறதா என்று பாருங்கள். பிறகு படம் ஓடும்போதே புரொஜெக்டரை அணையுங்கள். 19ஆம் ஊசியின் சிக்னல் மாறுவதால் டிவி ஓரிரு நொடி கறுத்துத் திரும்பினால் பரவாயில்லை, திரும்பவே இல்லை என்றால் அந்த ஸ்ப்ளிட்டர் உங்கள் வீட்டுக்கு ஆகாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.