துலாவும் இயந்திரமும்: எது முன்னேற்றம்?



மனிதன் கூர்ப்படைந்து வந்தவன் என்று உங்கள் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கின்றார்கள். இதைக் கேட்டுத் திருச்சபை அஞ்சவில்லை. மனித உடலின் தோற்றத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவோ இறைவனால் நேரே படைக்கப்படுவது என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950இல் எழுதினார். நாம்தான் கூர்ப்பு என்றதும் முன்னேற்றம் என்று விளங்கிக்கொள்கின்றோம். டார்வின் 1859இல் வெளியிட்ட கொள்கைப்படி, சூழலுக்குப் பொருந்தும் உயிர் நிலைக்கும், அவ்வளவே. இருண்ட குகை நீரில் வாழும் மீன் கண்ணை இழந்ததும் கூர்ப்புத்தான்!

நமது கிணற்றடிக்கு வாருங்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. மாரி மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. முன்னர் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் தோட்டத்தில் தண்ணீர் மாறுவார். விடியமுன் தொடங்கும் வேலை. கால் தவறினால் கிணற்றுக்குள்தான். அந்தக் காலம் பொற்காலம் என்று பாடுவோர் துலா மிதித்தவர்களாக இருக்கமாட்டார்கள். நீரிறைக்கும் இயந்திரம் அந்தப் பாட்டை நீக்கியது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள்.

ஆனால் துலாவுக்கு ஓர் அளவு இருந்தது. மனிதன் களைத்தான், கிணறு ஊறியது. இயந்திரம் களைப்பதில்லை. நன்னீர் வில்லை மெலிய, உவர்நீர் மேலே ஏறுகின்றது. யூரியாவும் மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டிவிட்டது. சுன்னாகத்திலோ மின்னிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. வெளிச்சம் வந்த வழியிலேயே எண்ணெயும் வந்தது.

ஒன்றை வீட்டில் சொல்லி வையுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யும். கிணற்று நீரில் பால்மா கரைக்கும் வீடுகள் முதலில் நீரைப் பரிசோதிப்பிக்கட்டும்.