இடைகழியில் ஒரு விளக்கு

ஒரே மாதத்தில் ஐந்து முறை என் ஸ்கூட்டரில் பியூஸ் போயிற்று. முதல் தடவை, திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயில் சந்நிதித் தெருவில், பூக்கடைப் பக்கமாக வண்டியை ஒடித்துத் திருப்பிய கணத்தில் ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப் யாவும் ஒருசேர அடங்கி, இன்ஜினும் நின்று, பின்னால் வந்த ஆட்டோக்காரர் திகைத்துப் பிரேக் போடும்படியாக நான் நடுத்தெருவில் ஸ்தம்பித்து நின்றேன். அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த எனக்கு, அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க முப்பது நாள் ஆகும் என்று தோன்றவேயில்லை. அந்த முப்பது நாளில் நான் கற்றுக்கொண்டவை, இதே துன்பத்தில் இருக்கும் யாருக்கேனும் உபகாரமாகலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே. அதற்கு மூன்று மாதம் முன்பு, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமாக நீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை இரு கரையும் புரண்டோடியபோது, என் வண்டி இரண்டு நாள் மழையில் நனைந்தே கிடந்தது. ஆகையால், "ஒயரிங்குக்குள்ள தண்ணி இறங்கியிருக்கும் டீச்சர், வெயில்ல நிறுத்துங்க, சரியாயிடும்" என்றார்கள். நானும் ஒரு வாரம் மாசி வெயிலில் சீட்டைத் திறந்து வைத்துக் காயவிட்டேன். எட்டாம் நாள் மறுபடியும் பியூஸ் போயிற்று. ஈரத்தின்மேல் சந்தேகம் கொள்வது நியாயமே. ஆனால் ஈரத்தினால் வரும் கோளாறு மழைநாளில் மிகுந்து வெயில்நாளில் குறைய வேண்டும் அல்லவா? என் வண்டியோ காய்ந்த மண்ணில்தான் அடிக்கடி நின்றது.

அடுத்து நேர்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் தவறுவது இங்கேதான். பழுது பார்க்கும் இடமொன்றில், "பத்து தாங்கல டீச்சர், இருபது போட்டுடலாம்" என்று சொல்லி, சிவப்பு நிறமுள்ள 10 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு மஞ்சள் நிறமுள்ள 20 ஆம்பியரைச் செருகினார்கள். மூன்று நாள் வண்டி ஓடிற்று. நானும் மனநிம்மதி கொண்டேன். நான்காம் நாள் மாலை வீட்டு வாசலில் திரும்பும்போது, காலடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் மெல்ல எழுந்தது. சாவியை உடனே அணைத்து, வண்டியை விட்டு விலகி நின்றபோது, முன்பக்கப் பேனலின் இடுக்கிலிருந்து ஒரு நூல் அளவு புகை வந்துகொண்டிருந்ததைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். நெஞ்சு படபடத்தது. பெட்ரோல் நிறைந்த வாகனத்தில் அந்த நூலளவு புகைக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

பியூஸ் என்பது ஹாரனையோ விளக்கையோ காப்பதற்காக ஏற்பட்டது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அது பிரதானமாகக் காப்பது ஒயரை. 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட். அதற்குரிய கனத்தில் இழுக்கப்பட்ட ஒயரில் அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால், ஒயர் சூடேறுவதற்கு முன்னரே பியூஸ் உருகித் தன்னைத் தியாகம் செய்ய வேண்டும். பெரிய பியூஸைப் போட்டாலோ, சிலர் அவசரத்தில் செய்வதுபோல் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தாலோ, உருக வேண்டிய ஸ்தானத்தில் பியூஸ் இல்லாமல் ஒயரே பியூஸாகிவிடுகிறது. கம்பெனி எந்த ஆம்பியரைக் குறிப்பிட்டிருக்கிறதோ அதே ஆம்பியரைத்தான் போட வேண்டும் என்பதில் இன்று எனக்கு எள்ளளவும் விட்டுக்கொடுப்பு இல்லை.

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பியூஸ் போன ஒவ்வொரு சமயத்தையும் நினைவிலிருந்து எழுதினேன்: எந்த இடம், என்ன வேகம், ஹாரன் அடித்தேனா, பிரேக் பிடித்தேனா, எந்தப் பக்கம் திரும்பினேன். சந்நிதித் தெரு, பேருந்து நிலையத்து மூலை, அரகண்டநல்லூரில் ஒரு சந்து, நாற்றம் எழுந்த என் வீட்டு வாசல் ஆகிய எல்லா இடங்களிலும் நான் மெதுவாக, இடப்புறமாக, ஹேண்டிலை அநேகமாக முழுவதும் ஒடித்திருந்தேன். இந்த ஒரு பக்கக் குறிப்பு அதுவரை செலவழித்த பணத்தைக் காட்டிலும் அதிகம் உதவிற்று. சாவி போட்டவுடனே பியூஸ் போனால் மெயின் லைனிலேயே ஷார்ட் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது போனால் பிரேக் லைட்டையும் அதன் சுவிட்சையும் பார்க்க வேண்டும். கால்மணி நேரம் ஓடிய பின் போனால், பிற்பாடு சேர்த்த விளக்குகளின் பளுவையும் ரெகுலேட்டரையும் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 14.5 வோல்ட்டுக்கு மேல் வெகுவாக ஏறினால் ரெகுலேட்டர்மீது சந்தேகம் கொள்ளலாம். என்னுடையதோ திரும்பும்போது மட்டும் போவது.

வாகன ஒயரிங் வேலையில் முதிர்ந்த ஒரு எலக்ட்ரீஷியனிடம் நோட்டைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல பாதி வேலை முடிஞ்சுது டீச்சர்" என்றார். பியூஸைக் கழற்றி, அதன் ஸ்தானத்தில் இரண்டு துண்டு ஒயரால் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை இணைத்தார். "எதுக்குண்ணே பல்பு?" என்று கேட்டேன். ஷார்ட் ஆனாலும் இரண்டு ஆம்பியருக்குள் பல்பே மின்சாரத்தைத் தடுத்து நிறுத்திவிடும் என்றும், பியூஸ்கள் வீணாவதில்லை, ஒயரும் கருகுவதில்லை என்றும் விளக்கினார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பியதும் பல்பு மங்கலாக மினுக்கிற்று. ஹேண்டிலை வலப்புறம் ஒடித்தார், மாற்றமில்லை. இடப்புறம் மெல்ல ஒடித்துக்கொண்டே போனார். கடைசி இரண்டு விரற்கடையில் பல்பு பளீரென்று முழுப் பிரகாசத்துடன் எரிந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணத்தில் வேறொன்று நினைவுக்கு வராமல் இராது. மழை இருட்டில் ஒருவர் படுக்க, இருவர் அமர, மூவர் நிற்க மட்டுமே இடமிருந்த இடைகழியில், பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நெருங்கி நின்றபோது, கண்ணுக்குத் தெரியாத நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, நெருக்குபவர் யார் என்று காண விளக்கேற்றிய ஸ்தலம் இது. ஸ்கூட்டரின் கழுத்தும் ஓர் இடைகழிதான். இத்தனை ஒயர்களும் பிரேக் கேபிள்களும் அந்த ஒடுக்கமான இடத்தில் உரசியபடி நிற்கின்றன. இருட்டில் கைவிட்டுத் தடவி எதையும் அறிய முடியாது. விளக்கைத்தான் ஏற்ற வேண்டும்.

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிய பிறகே பேனலைத் திறந்தார். ஒயர் கற்றையின் கறுப்பு டேப் ஓரிடத்தில் தேய்ந்து பளபளத்தது. அதனடியில் ஒரு ஒயரின் தோல் நகத்தளவு உரிந்து, செம்பு இழைகள் தெரிந்தன. எதிரே சேஸிஸின் விளிம்பில் பெயிண்ட் போய், கடுகளவு கரும்புள்ளி ஒன்று இருந்தது. ஷார்ட் ஆன இடம் அதுவே. கற்றையை விலக்கிப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்பைக் காணோம். ஆறு மாதத்துக்கு முன் ஓரிடத்தில் ஹேண்டில் கழுத்தின் கோன் செட் மாற்றியபோது, கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். பியூஸ் தொந்தரவு வந்தால், அதற்கு முன் வண்டியில் கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்பதை முதலில் நினைவுகூருங்கள்.

அறுந்த இழைகளைச் சால்டர் வைத்துச் சேர்த்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் இட்டு, கற்றை முழுவதற்கும் ஸ்லீவ் மாட்டி, ஹேண்டில் இருபுறமும் முழுவதும் திரும்பத் தாராளமாக இடம்விட்டுக் கேபிள் டையால் கட்டினார். வெறும் டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும் என்பதால் அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நெகட்டிவ் முனையைக் கடைசியாக மாட்டி, பழையபடி சிவப்பு நிற 10 ஆம்பியர் பியூஸையே போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை வரை போய்வந்தேன். சட்டைப் பையில் 10 ஆம்பியர் பியூஸ் இரண்டு இருந்தன. முதல் கொண்டை ஊசி வளைவில் இடப்புறம் ஒடித்தபோது என் மூச்சு ஒரு கணம் நின்றது உண்மை, வண்டி நிற்கவில்லை. மாலையில் வீடு திரும்பி, அந்த இரண்டையும் பியூஸ் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.