கடல் ஜலம் ஏறிய நன்செயைத் திருத்தும் விதம்

காவிரி டெல்டாவின் தென்கோடியில், பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, கந்தபரிச்சானாறு முதலிய ஆறுகள் கடலில் சேருமிடத்தில் முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும் அமைந்திருக்கின்றன. இப்பிரதேசத்து வயல்களில் பல, கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயரமுள்ளவை. ஆதலால் ஐப்பசி கார்த்திகையில் புயல் வருங்கால், மேலிருந்து இறங்கும் வெள்ளமும் கீழிருந்து ஏறும் கடல் ஜலமும் ஒரே வேளையில் எதிர்ப்படுகின்றன. 1952, 1977, 2018 ஆகிய வருஷங்களில் நாகப்பட்டினத்துக் கரையைத் தாக்கிய புயல்கள் மூன்றும் நவம்பர் மாதத்திலேயே வந்தன. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப்பேரலையோ பருவமும் முன்னறிவிப்பும் இன்றி வந்தது. இவற்றைத் தடுக்க ஒருவராலும் இயலாது. ஆனால் கடல் ஜலம் ஏறிய நிலம் எத்தனை போகம் தரிசாய்க் கிடக்கும் என்பது பெரும்பாலும் கிராமத்தார் கையிலேயே இருக்கிறது.

இவ்விஷயத்தில் அலையாத்திக் காட்டின் சரித்திரம் நன்செய்க்காரருக்கு மிகவும் பயன்படும். முற்காலத்தில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் விறகுக்காகவும் மரத்துக்காகவும் காட்டைப் பகுதி பகுதியாக வகுத்து, முறைவைத்து மொட்டையாக வெட்டி வந்தனர். வெட்டிய இடம் தானே முளைத்து விடும் என்று கருதப்பட்டது, அவ்விதம் முளைக்கவில்லை. நிழல் நீங்கிய சேற்றுநிலம் வெயிலில் உலர்ந்து சுருங்கிப் பள்ளமாயிற்று. ஓதம் ஏறும்போது உட்புகுந்த ஜலம், ஓதம் வற்றும்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கியது வற்ற வற்ற உப்பு மிகுந்தது. கடல் ஜலத்திலேயே வளரும் வெண்கண்டலும்கூட அவ்விடத்தில் பிழைக்கவில்லை. 1990-களில் வனத்துறையாரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் நடுவே ஒரு பெருவாய்க்காலும், மீன்முள்ளைப்போல் அதற்கு இருபுறமும் சாய்வாகச் சிறுவாய்க்கால்களும் வெட்டி, ஓதம் தினந்தோறும் வந்து போகும்படி செய்தனர். உப்புக் குறைந்தது, கன்றுகள் வேர்பிடித்தன. கடல் ஜலம் வந்ததனால் அன்று, வந்த ஜலம் போகாததனாலேயே அந்நிலம் கெட்டது என்பது இதனால் தெளிவாகும். வயலின் நோயும் இதுவே.

காடு இருப்பதனால் ஊருக்கு ஆபத்தில்லை என்று நம்பியிருப்பதும் சரியன்று. 2004-ல் பிச்சாவரத்தை அடுத்து, காட்டுக்குப் பின்னிருந்த குப்பங்களில் சேதம் குறைவு என்று சிலர் ஆராய்ந்து எழுதினர். ஊரின் மேடும் கடலுக்குள்ள தூரமுமே பெரிய காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். அடர்ந்து அகன்ற காடு அலையின் வேகத்தைத் தணிக்கும். பல மணி நேரம் ஏறி நிற்கும் புயல்வெள்ளத்தை முற்றும் தடுக்காது. கஜா புயலில் முத்துப்பேட்டைக் காட்டு மரங்களே ஏராளமாய்ச் சேதமுற்றன.

இனி வயலைத் திருத்தும் விதம். ஜலம் வடிந்தவுடன் கடல் கொண்டுவந்து படியவைத்த சேற்றுப் படலத்தைச் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும். அவசரப்பட்டு உழுதால் அவ்வுப்பு முழுதும் மண்ணோடு கலந்துவிடும். மேல்மண்ணிலிருந்தும், ஓரடிக்குக் கீழிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புக. மண்சாற்றின் மின்கடத்தும் திறன் 4 டெசிசீமனுக்கு மேற்பட்டது உவர் நிலமெனப்படும். நெல்லின் மகசூலோ 3-க்கு மேலேயே குறையத் தொடங்கும்.

அநேகர் செய்யும் பிசகு யாதெனில், உடனே வாய்க்கால் ஜலத்தைப் பாய்ச்சி, வயல்மேலாக வழியவிட்டு, உப்பைக் கழுவிவிட்டதாக எண்ணுவதாம். மேலாக ஓடும் ஜலம் மேலுள்ள உப்பை மட்டுமே கொண்டுபோகும். நல்ல ஜலம் மண்ணுக்குள் ஊறிக் கீழே இறங்கி, வடிகால் வழியாய் வெளியேற வேண்டும். ஓரடி ஜலம் இவ்வாறு இறங்கிச் சென்றால், ஓரடி ஆழத்து மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீங்கும். வரப்பை உயர்த்தி மழையைத் தேக்கி வைத்தாலும் இப்பலன் உண்டு. வடிகால் இல்லாத வயலில் எவ்வளவு மழை பெய்தும் இறங்கிய உப்பு கோடையில் மறுபடி மேலேறிப் பூக்கும்.

களிமண் நிலத்தார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடலுப்பில் சோடியமே மிகுதி. வெறும் ஜலத்தால் உப்பைக் கழுவினால் உப்புப் போய்ச் சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொள்ளும். மண் குழைந்து இறுகி, ஜலம் கீழிறங்க விடாது. உவராயிருந்தது களராய் மாறிவிடும். களரைத் திருத்துவது உவரைத் திருத்துவதினும் செலவு மிக்கது. ஆகையால் பரிசோதனையில் தேவையென்று தெரிந்த அளவு ஜிப்சத்தை முதலில் இட்டுக் கலந்து, பின்னரே ஜலம் கட்ட வேண்டும். அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது நலம். முதற் போகத்துக்குத் திருச்சி 1 போன்ற உப்புத் தாங்கும் ரகமோ, வேதாரணியத்துப் பக்கத்தார் பயிரிட்டு வந்த குழியடிச்சானோ ஏற்றது. நாற்றங்காலை உப்பேறாத மேட்டில் அமைத்து, நாற்றுச் சற்று முற்றியபின் பிடுங்கி, குத்துக்கு ஓரிரண்டு நாற்று அதிகமாக நெருக்கி நடுக. நெல் இளநாற்றாயிருக்கும்போதும் பூக்கும்போதுமே உப்புக்கு மிக அஞ்சும்.

இவ்வளவும் ஒருவர் தம் வயலில் செய்தாலும், வடிவாய்க்கால் அடைபட்டிருந்தால் வீணே. அது தனியொருவர் காரியமன்று. வாய்க்கால் புறம்போக்கை வரப்பிட்டுச் சேர்த்துக்கொள்வதும், இறால் குட்டைக் கரையை வடிகாலுக்குக் குறுக்கே போடுவதும் பல ஊர்களில் வழக்கமாயிற்று. விளைநிலங்களையும் அலையாத்தி நிலங்களையும் இறால் குட்டையாக மாற்றலாகாதென்று 1996-ம் வருஷம் டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிராம அதிகாரிகள் புரட்டாசிக்கு முன்னரே புலப்படத்தைக் கையில் கொண்டு வடிகாலின் தலைமுதல் கடைவரை நடந்து பார்த்து, ஆக்கிரமிப்பை மேலதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது அவசியம். தண்ணீர் நின்ற பிறகு எழுதும் அறிக்கை அவ்வருஷத்துப் பயிருக்கு உதவாது.

கடைமடைக் கதவணைகளில் துருப்பிடித்த கதவுகளையும் அப்போதே பழுதுபார்க்கச் செய்ய வேண்டும். ஓதம் ஏறும்போது கதவை மூடவும், வற்றும்போது திறக்கவும் இரவும் பகலும் ஆள் வேண்டும்; புயல் கரைகடந்த மறுநாள் அவ்வாள் கதவருகில் இருக்கிறாரா என்று ஊரார் போய்ப் பார்ப்பது நலம்.