எடுத்தாரா, விட்டாரா?

எட்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ‘மை அங்கிள் ரென்டட் எ ஹவுஸ்’ என்ற தொடரைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தேன். ‘என் மாமா ஒரு வீட்டை வாடகைக்கு விட்டார்’ என்று எழுதிய மாணவிக்கு மதிப்பெண் தரவில்லை. ‘எடுத்தார்’ என்பதே சரி என நினைத்தேன். “எங்க மாமா வீட்டை வாடகைக்கு விட்டிருக்காரு, டீச்சர். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்?” என்று கேட்டாள். அகராதியைப் பார்த்தேன். ‘ரென்ட்’ என்பதற்கு இரண்டு பொருளும் இருந்தன.

தமிழில் இக்குழப்பம் இல்லை. ‘எடு’, ‘விடு’ என்ற வினைகளே வேறுபடுத்திவிடும். கடனுக்கு ஆங்கிலத்திலும் ‘பாரோ’, ‘லெண்ட்’ எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. ‘ரென்ட்’, ‘லீஸ்’ ஆகியவையோ இரு தரப்புக்கும் பொது.

மறுநாள் கரும்பலகையில் மூன்று தொடர்களை எழுதினேன். வீட்டுக்குப் பின் ‘ஃப்ரம்’ என்று ஆள் பெயர் வந்தால் எடுத்தார். ‘டு’ வந்தால் விட்டார். ‘ரென்டட் அவுட்’ என்றாலும் விட்டார். இவை இல்லாதபோது முன்பின் தொடர்களே துணை. மாணவர்கள் இருவர் இருவராக வீட்டுக்காரராகவும் குடிவருபவராகவும் பேசிப் பழகினர்.

தனித் தொடரைக் கொடுத்து ஒரே விடையை எதிர்பார்த்தது என் பிழை. அம்மாணவிக்கு முழு மதிப்பெண் வழங்கினேன். எதிர்பாராத விடையைத் தவறெனக் குறிக்கும் முன் அகராதியை ஒருமுறை புரட்டுவோம்.