கொடைக்கானல் ஏற்றத்துக்கு எந்த மோட்டார்?

ரிமோட் காருக்கு பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கும்போது முதலில் ‘கேவி’ எண்ணைப் பாருங்கள். பளு இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் அது. 3300 கேவி மோட்டார் 7.4 வோல்ட் பேட்டரியில் சுமார் 24,400 முறை சுற்றும். பழனி அடிவாரத்துச் சமதள மைதானத்துக்கு அது சரி. கொடைக்கானல் சரிவில் வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். கேவி குறைந்ததாக எடுங்கள். இருக்கிற மோட்டாரே போதுமென்றால், மோட்டார் அச்சிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனில் ஓரிரு பல் குறைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் திணறாது, சூடும் குறையும்.

சென்சார் உள்ள மோட்டார் விலை கூடுதல்தான். ஆனால் மேட்டில் நின்று கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்காது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் சென்சாரை ஏற்பதாக இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரின் ஆம்பியர் அளவு, மோட்டார் இழுக்கும் உச்ச அளவைவிடக் கூடவே இருக்கட்டும். இதில் சிக்கனம் வேண்டாம்.

குளிர்தானே, மோட்டார் சூடாகாது என்று எண்ணாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி சுழன்றாலும் வெப்பம் மெதுவாகத்தான் வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் வெப்பமானியால் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள்.

லிப்போ பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும். ஓட்டும்வரை சட்டைப்பைக்குள் வைத்திருங்கள். மூடுபனி இறங்கும் ஊர் என்பதால் நீர்புகாத கன்ட்ரோலரே நல்லது.

காட்டுக்குள் மட்டும் ஓட்டாதீர்கள். இம்மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயம்.